உடலை விட்டுவிட்டு அறையைப் படமெடுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: காட்சித் தொடர்பியல் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, காவல்துறையின் பழைய குற்றச் சம்பவப் படங்களின் பாணியில், மாடல்களுக்கு நல்ல ஆடைகள் அணிவித்து, வடசென்னையின் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் ஒரு புகைப்படத் தொடர் எடுக்க விரும்புகிறீர்கள். அந்தப் பழைய படங்களின் தோற்றம் எப்படி உருவானது, அதை இன்று எப்படிக் கொண்டுவருவது, 1952இல் ராயபுரத்தில் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாமா, இப்படி எடுப்பதே தவறாகுமா என்பவை உங்கள் நான்கு கேள்விகள். கடைசிக் கேள்விக்கான விடை முதல் கேள்விக்குள்ளேயே அடங்கியிருப்பதாக நான் நினைப்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கல்மண்டபம் பக்கத்தில் என் தந்தையார் நடத்திய ஸ்டூடியோவில்தான் நான் தொழில் கற்றேன். அந்நாட்களில் சந்தேக மரணம் என்றால், காவல் நிலையத்திலிருந்து ஆள் அனுப்பிப் பக்கத்து ஸ்டூடியோக்காரரை அழைத்துச் செல்வார்கள். பதினேழு வயதில் ஃப்ளாஷ் விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் அவருடன் போயிருக்கிறேன். அவருக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் வாசலில் நின்று அறை முழுவதும் தெரிய ஒரு படம், பிறகு மூலைகளிலிருந்து, அதன் பிறகே உடல், கடைசியாகக் காயங்கள். சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னிலையில் ஆய்வாளர் எழுதும் பார்வை மகஜரும் கையால் வரையும் மாதிரி வரைபடமும் என்ன சொல்கின்றனவோ அதையே படமும் சொல்ல வேண்டும் என்பதால், எடுத்து முடிக்கும் வரை எதையும் தொட மாட்டார். முடித்தவுடன் அவர் செய்யும் முதல் வேலை, வீட்டில் ஒரு வேட்டியோ புடவையோ கேட்டு வாங்கி உடலை மூடச் சொல்வது. அந்தப் படங்களின் பிரதிகளை ஒட்டிய உறையில் வைத்து நெகட்டிவோடு ஒப்படைத்துவிடுவார். ஸ்டூடியோவின் கண்ணாடி அலமாரியில் அவற்றில் ஒன்றுகூட இருந்ததில்லை. நீங்கள் எடுக்க விரும்பும் தொடரின் தொழில்நுட்பமும் ஒழுக்கமும் இந்த இரண்டு பழக்கங்களுக்கு இடையில்தான் இருக்கின்றன.

சம்பவ இடத்தைப் படமெடுப்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தவர் பாரிஸ் காவல்துறையில் பணியாற்றிய அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் (1853–1914). கைதிகளின் உடலுறுப்புகளை அளந்து பதிவுசெய்யும் முறையை 1880களில் உருவாக்கிய அவர், அதே அளவெடுக்கும் புத்தியைச் சம்பவ இடத்துக்கும் கொண்டுபோனார். உயரமான முக்காலியில் லென்ஸ் கீழ்நோக்கும்படி கேமராவைத் தொங்கவிட்டு, அகலக் கோண லென்ஸால் நேர் மேலிருந்து எடுப்பார். ஓரங்களில் அளவுக்கோடுகள் அச்சிட்ட அட்டையில் அந்தப் படத்தை ஒட்டினால், அறையில் எந்தப் பொருள் எந்தப் பொருளிலிருந்து எவ்வளவு தொலைவில் கிடந்தது என்பதைப் படத்திலேயே கணக்கிட முடியும். 1910களில் நியூயார்க் காவல்துறை எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களிலும் இதே மேற்பார்வைக் கோணம் உண்டு. அவற்றில் பலவற்றில் முக்காலியின் கால்களும், சட்டகத்தின் விளிம்பில் நிற்பவர்களின் காலணிகளும் தெரியும். படத்தை அழகுபடுத்தும் எண்ணம் அங்கே யாருக்கும் இல்லை. அளப்பதற்காக எடுத்ததால், கிழிந்த பாய்க்கும் கட்டில் காலுக்கும் மனித முகத்துக்கும் ஒரே அளவு கூர்மை கிடைத்தது. எதையும் மற்றொன்றைவிட முக்கியமாக்காத அந்தப் பார்வைதான் நம்மை இன்றும் நிற்க வைக்கிறது என்பது என் முடிவு.

அந்தத் தோற்றத்துக்கு இரண்டாவது காரணம் வேதியியல். அக்காலத் தகடுகளில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை உணராதவை. அவற்றில் சிவப்பெல்லாம் கருப்பாக விழும். இரத்தம் தார்போலத் தெரிவதும், உதடுகள் கருத்திருப்பதும் அதனால்தான். நம் ஊரில் இதை நினைத்துப் பாருங்கள்: நெற்றிக் குங்குமம் கருப்பாகும், அரக்குக் கரை கருப்பாகும், மஞ்சள் பூசிய முகம் பல படிகள் கருக்கும். கணினியில் வண்ணப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பு அலைவரிசையை நன்றாகக் குறைத்தால் இந்தத் தோற்றம் வந்துவிடும். ஆனால் நம் தோல் நிறத்தில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி என்பதால், ஒளியைக் கூட்டாமல் இதைச் செய்தால் மாடலின் முகம் சுவரோடு கரைந்துபோகும். ஆகவே வெளிச்சத்தை முகத்தின் மீது அரைப் படி (ஸ்டாப்) அதிகமாகவே வைத்து எடுங்கள்.

மூன்றாவது, ஃப்ளாஷ். வீஜி என்ற பெயரில் அறியப்பட்ட ஆர்தர் ஃபெலிக் (1899–1968) 1930களிலும் 1940களிலும் நியூயார்க்கின் இரவுச் சம்பவங்களைப் பத்திரிகைகளுக்காக எடுத்தவர். காவல்துறை வானொலியைத் தன் காரிலேயே கேட்டு, பல வேளைகளில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றவர். நான்குக்கு ஐந்து அங்குலத் தகடு போடும் ஸ்பீட் கிராஃபிக் கேமரா, ஒருமுறை எரிந்தால் தீர்ந்துபோகும் ஃப்ளாஷ் பல்பு, எஃப் 16 என்ற சிறிய லென்ஸ் துவாரம், பத்தடித் தூரம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே நிலைப்படுத்தி வைத்திருப்பார். கேமராவுக்குப் பக்கத்திலிருந்தே வரும் ஒளி, தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், பத்தடியில் இருப்பது வெளுத்தும், இருபதடியில் இருப்பது இருண்டும் போகும். அவருடைய படங்களில் உடலைவிட உடலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் முகங்களையே நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். வேடிக்கை பார்ப்பவர்களும் அந்த இடத்தின் ஒரு பகுதி என்பதைக் காட்டியது அவருடைய பெரிய பங்களிப்பு.

ஆகவே செய்முறை இப்படி அமையும். முழுச் சட்டக கேமராவில் 24 எம்எம் போன்ற அகலக் கோண லென்ஸ், எஃப் 11 அல்லது அதற்கும் சிறிய துவாரம், கேமராவை ஒட்டியே ஒரே ஒரு ஃப்ளாஷ். ஃபேஷன் படங்களில் பின்னணியை மங்கலாக்கும் பழக்கத்தை இங்கே முற்றிலும் கைவிட வேண்டும். மேலிருந்து எடுப்பதற்கு மின்வேலைக்காரர்களின் இரட்டை ஏணி போதும். கேமரா உண்மையிலேயே செங்குத்தாகத் தொங்குகிறதா என்பதைக் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைக் கட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஐந்து பாகை சாய்ந்தாலும் அது ஆவணத் தோற்றத்தை இழந்து சினிமாக் கோணமாகிவிடும். ஏணியின் கால் படத்தில் விழுந்தால் அழிக்காதீர்கள்.

இனி, இந்தப் பாணி ஃபேஷனுக்குள் வந்த கதை. இறந்தவராக நடித்துப் படமெடுப்பது புகைப்படக்கலையின் வயதே ஆனது. தான் கண்டுபிடித்த புகைப்பட முறைக்கு உரிய மதிப்பு கிடைக்காத ஆற்றாமையில், பிரான்சின் இப்போலித் பயார் 1840இல் நீரில் மூழ்கி இறந்தவராகத் தன்னையே காட்டி ஒரு படம் எடுத்தார். ஃபேஷனில் இதைத் துணிந்து செய்தவர்களில் முதன்மையானவர் கி பூர்தான் (1928–1991). சார்ல் ஜூர்தான் காலணி நிறுவனத்துக்காக 1975இல் அவர் எடுத்த விளம்பரப் படம் ஒன்றில், சாலையோரத்தில் ஒரு கார் நிற்கிறது, தரையில் ஓர் உடலின் வெளிக்கோடு சாக்குக்கட்டியால் வரையப்பட்டிருக்கிறது, காலணிகள் கிடக்கின்றன. உடல் இல்லை. இந்த வகைமையில் நான் பார்த்தவற்றுள் மிக வலுவான படம் அதுவே. அதன் வலுவும் அந்த இன்மையிலிருந்தே பிறக்கிறது. விற்கப்படும் பொருளே தடயப் பொருளாகவும் ஆகிவிடுவதால், பார்ப்பவர் ஆய்வாளரின் இடத்தில் நிறுத்தப்படுகிறார்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் மெலனி புல்லன், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைக் கோப்புகளில் இருந்த பழைய படங்களைப் பார்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட காட்சிகளை, விலையுயர்ந்த ஆடை அணிந்த மாடல்களை வைத்து மீண்டும் அமைத்தார். சினிமாவுக்கு இணையான ஆள்பலத்தோடு எடுத்த படங்கள் அவை. அவற்றில் நம் கண் முதலில் ஆடைக்கும் ஒளிக்கும் போய், சற்றுத் தாமதித்தே கொலைக்கு வருகிறது. அந்தத் தாமதத்தை உணர வைப்பதே அவர் நோக்கம் என்பதை நான் ஏற்கிறேன். எனினும் மூலப் படத்தில் இருந்த பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்தது, வீடு இருந்தது, அவரைத் தேடியவர்கள் இருந்தார்கள். ஜப்பானின் இஸிமா கவோரு 1993இல் தொடங்கிய தொடர் இதற்கு நல்ல எதிர்வழி. அங்கே நடிகையோ மாடலோ தனக்கு எப்படிப்பட்ட மரணம் அமைய வேண்டும் என்று தானே சொல்கிறார், தனக்கு விருப்பமான ஆடையைத் தானே தேர்ந்தெடுக்கிறார். பிறர் துயரம் எதுவும் கடன் வாங்கப்படுவதில்லை.

தவறிய முயற்சிகளும் உண்டு. 2007இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் மாடல்களைக் கொலையுண்டவர்களாகக் கிடத்தி அவர்கள் எவ்வளவு அழகாகக் கிடக்கிறார்கள் என்று மதிப்பிட்டது ஒன்று. 2014 ஆகஸ்டில் மும்பைப் புகைப்படக்காரர் ஒருவர் பேருந்துக்குள் ஒரு பெண்ணை ஆண்கள் சூழ்வதாக எடுத்த ஃபேஷன் படங்கள் மற்றொன்று. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமையை அவை நினைவூட்டியதால் நாடெங்கும் எழுந்த கண்டனம் முழுக்க நியாயமானது. ஆறாத காயத்தை ஆடைக்குப் பின்னணியாக்கக் கூடாது.

நம் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கலையும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். பட்டு உடுத்திப் படுத்திருக்கும் பெண்ணின் படம் பாரிஸில் ஒரு பொருள் தரும், தண்டையார்பேட்டையில் வேறு பொருள் தரும். சுமங்கலியாக இறந்த பெண்ணைக் குளிப்பாட்டி, கூரைப் புடவை உடுத்தி, பூ வைத்து, குங்குமம் இட்டு அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி, மாலையிட்டு, குடும்பத்தார் சூழ நின்று எடுத்துக்கொண்ட படங்களை என் தந்தையாரே பல எடுத்திருக்கிறார். சிலருக்கு வாழ்நாளில் எடுக்கப்பட்ட ஒரே படம் அதுவாகவே இருந்தது. ஆகவே நல்ல உடையும் உயிரற்ற உடலும் சேர்ந்தால் மேலைநாட்டுப் பார்வையாளருக்கு ஏற்படும் அதிர்ச்சி நமக்கு ஏற்படாது. நமக்கு ஏற்படுவது துக்கம். அந்தத் துக்கம் உறவுக்காரர்களுக்கு உரியது. அதைப் புடவை விற்பனைக்கோ மதிப்பெண்ணுக்கோ பயன்படுத்தினால் படம் புதுமையாகத் தெரியாது, அவமதிப்பாகத்தான் தெரியும். பார்ப்பவர்கள் காரணம் சொல்லத் தெரியாமலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆளவந்தார் வழக்குக்கு வருகிறேன். 1952 ஆகஸ்டில் பேனா வியாபாரியான அவர் ராயபுரத்து வீடொன்றில் கொல்லப்பட்டதும், உடல் பெட்டிக்குள் வைக்கப்பட்டு போட் மெயில் ரயிலில் மானாமதுரை வரை போனதும், தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்ததும், இரண்டையும் ஒப்பிட்டுச் சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர்கள் அடையாளம் கண்டதும் இந்தியத் தடயவியல் வரலாற்றில் முக்கியமான நிகழ்வுகள். தடயவியல் வரலாறாக அதை எழுதுங்கள், பேசுங்கள். ஆனால் உங்கள் தொடருக்கு அது பொருந்தாது என்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, நம் மக்களிடம் அந்த வழக்கு வாய்மொழிக் கதையாகவே புழங்குகிறது. கதையை வைத்து நீங்கள் காட்சியமைத்தால் அது பழைய ஆவணத்தோடு நிகழ்த்தும் உரையாடலாக இராது, இன்னொரு துப்பறியும் சினிமாவாக முடியும். இரண்டாவது காரணமே எனக்குப் பெரிது. வடசென்னை என்றாலே அரிவாளும் இரத்தமும் என்று காட்டிக் காட்டி, இந்தப் பகுதியையே ஒரு குற்றச் சம்பவ இடமாக வெளியிலிருப்பவர்கள் பார்க்கும்படி ஆக்கிவிட்டார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியை எழுதத் தயங்கும் பிள்ளைகளை நான் அறிவேன். கொருக்குப்பேட்டையில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெர்த்தியோன் முறை போன்ற அளவெடுக்கும் பார்வைக்கு நம் நாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், முழுச் சமூகங்களின் கைரேகைகளையும் பதிந்துவைத்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். போலீஸ் கேமராவின் கோணத்தைக் கையில் எடுக்கும் ஒருவர், அந்தக் கோணம் யார் மீதெல்லாம் திருப்பப்பட்டது என்பதை மறந்துவிட்டு எடுக்க முடியாது.

இதற்கு மாற்றாக நீங்கள் யாரிடம் கற்கலாம் என்றால், புகைப்படக்காரர் அல்லாத ஒருவரிடம். அமெரிக்காவின் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ 1940களில், துப்பறிவாளர்களைப் பயிற்றுவிப்பதற்காக, மர்ம மரணங்கள் நடந்த அறைகளைப் பொம்மை வீடுகளாகச் செய்தார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், பொம்மையின் காலுறையைக்கூட ஊசியால் தானே பின்னினார். எந்த அறையும் ஒரே வழக்கின் நகல் அல்ல. பல வழக்குகளின் கூறுகளைக் கலந்து, பெயர்களை மாற்றி அமைத்தவை. அவற்றில் பெரும்பாலானவை எளிய மக்கள் வாழ்ந்த வீடுகள். சுவர்த்தாளின் கறையையும் அடுப்பின் மேல் இருந்த பாத்திரத்தையும் அவர் அத்தனை அக்கறையோடு செய்ததால், அங்கே வாழ்ந்தவரின் நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதே முதலில் நம் மனத்தில் படுகிறது. நீங்களும் உங்கள் அறைகளை அப்படியே கலந்து கட்டுங்கள். யாருடைய சாவும் அல்லாத, ஆனால் நம்முடைய வீடுகளேயான அறைகள்: சிவப்புச் சிமெண்டுத் தரை, மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்த மாடத்தின் கரி, லாரித் தண்ணீருக்காக வரிசையில் வைத்த பிளாஸ்டிக் குடங்கள், வாசலில் ஒரு ஜோடி செருப்பு. பூர்தானின் காலணிகள் கடைச்சரக்கு. நம் ஊரில் வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று பொருள். அறை வெறுமையாக இருந்து, செருப்பு மட்டும் இருந்தால், அந்த ஒரு முரணே போதும், உடலைக் கிடத்தவே வேண்டாம். மாடலை நிற்க வையுங்கள். சாட்சியாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ, மகஜரில் கையெழுத்திட வந்தவராகவோ இருக்கட்டும். வீஜியின் கூட்டம் நினைவிருக்கட்டும். ஆடை காட்டப்பட வேண்டியது உயிரோடு நிற்பவர் மீதுதான்.

ஆடையைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஃபேஷன் தொடருக்கு அதுவே உயிர் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டையும், காக்கித் துணிக்குப் பெயர்போன பின்னி ஆலைகள் இருந்த பெரம்பூர்ப் பகுதியும், பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய கட்டம்போட்ட கைலிகளும் நம் வடக்குப் பக்கத்துச் சொத்து. அந்தக் கட்டத் துணியை மேலிருந்து எடுத்துப் பாருங்கள். பெர்த்தியோனின் அளவுக்கோடுகள் செய்த வேலையைத் துணியின் கட்டங்களே செய்யும். தரையில் விரித்த இடத்தில் கோடுகள் நேராகவும், யாரோ எழுந்துபோன இடத்தில் கசங்கி வளைந்தும் இருக்கும். அங்கே ஒருவர் இருந்தார் என்பதற்கு அதைவிட நேர்மையான தடயம் கிடையாது. 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான சென்னைக் கட்டத் துணி, துவைத்தால் சாயம் விட்டது. முதலில் குறையாகக் கருதப்பட்ட அதையே சிறப்பாக விளம்பரம் செய்து, இரத்தம் கசியும் மதராஸ் என்ற பொருள்படும் பெயரில் அங்கே விற்றார்கள். போலி இரத்தம் வாங்கச் செலவிடுவதற்குப் பதிலாக, சாயம் விடும் சிவப்புக் கட்டத் துணியை நனைத்துத் தரையில் போட்டு, அந்த நீர் சிமெண்டின் சரிவில் வாசலை நோக்கி ஓடுவதை எடுங்கள். வண்ணத்தில் எடுத்தால் அது துணியின் கதை. சிவப்பைக் குறைத்துக் கருப்பு வெள்ளையாக்கினால் அது பழைய தகடுகளின் கருங்கறை. ஒரே கோணத்தில் எடுத்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உங்கள் தொடர் எதைப் பற்றியது என்பதை விளக்கக் குறிப்பு எழுதியே ஆக வேண்டியதில்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளிப்படுத்துவது தண்டனைக்குரியது; பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரப் படங்களுக்கும் பொருந்தும்; துறைமுக வளாகத்துக்குள் அனுமதியின்றிக் கேமராவைத் தூக்காதீர்கள். தெருவில் எடுப்பதானால், கல்லூரிக் கடிதத்தோடு அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, முந்தின நாள் மாலையே அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அக்கா, பெரியம்மா என்று முறை சொல்லி, நாளைக் காலையில் இன்னது நடக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். உண்மையிலேயே இப்படி ஒரு காலையைக் கண்டவர்கள் அந்த வீடுகளில் இருக்கக்கூடும். யாராவது வேண்டாம் என்று சொன்னால், காரணம் கேட்காமல் வேறு தெருவுக்குப் போங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஃப்ளாஷுக்குத் தேவையான இருட்டு இருக்கும். வாளியும் துடைப்பமும் கூடவே எடுத்துச் சென்று, அந்த வீட்டுப் பெண்கள் கோலம் போட வருவதற்குள் சாய நீரைக் கழுவி வாசலை ஒப்படைத்துவிடுங்கள்.